தூ மாமா துப்பாத ஒயின்

பிள்ளைகளே, இந்த உலகத்தில் எதையுமே பாராட்டாமல் அறுபது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் எங்கள் தூ மாமாதான். சாந்தோமில் எங்கள் சந்தின் கடைசி வீடு. ஸ்கூல் வேன் ஓட்டியவர். ஞானஸ்நானப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஒயின் ஊறும். பண்டிகைக் காலையில் பூசை முடிந்ததும் முதல் டம்ளர் மாமாவுக்கு. எந்த ஊர்த் திராட்சை என்று அவர் சொல்லவேண்டும், அதுதான் வழக்கம். ஒரு வாய் எடுப்பார். கண்ணை மூடுவார். சாக்கடையைப் பார்த்து, 'தூ!'

"கம்பத்துப் பழம். மூஞ்சில அறையுது."

அடுத்த டம்ளர். 'தூ!' "இது பெங்களூரு. சென்ட்டு போட்டுக்கினு வந்துகீது, ஆனா குளிக்கல."

மீன் விற்கும் பிலோமி அக்கா கத்துவார்: "யோவ் மாமா, ரெண்டும் என் ஜாடிதான்யா!"

"அப்ப ஜாடி குளிக்கல."

கடைசியாக நாசிக் பாட்டில். அங்கே ஒயின் கம்பெனியில் வேலை பார்க்கும் மாமாவின் மகன் கூரியரில் அனுப்புவது. வருஷா வருஷம் பாட்டில் வரும், மகன் வரமாட்டான். அதற்கு விழும் 'தூ' பட்டினப்பாக்கம் வரை கேட்கும். சில வருஷம் மூடியைத் திறக்காமலே துப்பியிருக்கிறார்.

போன வருஷம் மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னான். மாமா முதல்முறையாகத் தானே ஜாடி போட்டார். எல்லோரும் திராட்சையைக் கையால் பிசைவோம். அவசரத்தில் அவர் கொட்டையோடு மிக்சியில் அரைத்துவிட்டார். கொட்டை அரைபட்டால் ஒயின் வேப்பங்காய். சொல்லப் போனேன்.

"வேன் ஓட்டுனவனுக்கு மிக்சி ஓட்டத் தெர்யாதா? போய்யா!"

பண்டிகைக் காலை. புதுச் சட்டையில் வாசலில் உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவர் ஒயினைத் துப்ப, நாங்கள் டம்ளரோடு வரிசையில் நின்றோம். கூரியர்காரர் வந்து பாட்டிலைக் கொடுத்தார். பின்னாலேயே போன் அடித்தது. "சரிப்பா... சரி" என்று மட்டும் பேசி வைத்தார்.

"லீவு கெடைக்கலியாம்."

பிலோமி அக்கா மாமாவின் ஒயினில் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கஷ்டப்பட்டு விழுங்கினார். "நல்லாகீது மாமா."

"இன்னாத்துக்குப் பொய் சொல்ற?" என்று மாமா தானும் ஒரு வாய் குடித்தார். 'தூ!' சாக்கடையே கசந்திருக்கும்.

அப்புறம் நாசிக் பாட்டிலைத் திறந்தார். ஒரு வாய். கண்ணை மூடினார். நாங்கள் காலை ஒதுக்கிக்கொண்டோம். அவர் துப்பவில்லை. தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

"நல்லாதான் பண்றான். இவ்ளோ நல்லா பண்றவனுக்கு எவன் லீவு குடுப்பான்?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும், "நல்லாகீது" என்கிறார். கேட்கவே பயமாக இருக்கிறது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு டம்ளரை நான் கொண்டுபோவேன், நீங்களும் கூட வாங்க. அவர் 'தூ' என்று துப்பும்வரை நாம் யாரும் அந்த வாசலைவிட்டு நகரக்கூடாது.