அழிரப்பர் ஆசாமி

பென்சில் சீவுவதிலேயே பாதி ஆயுளைக் கழிக்கும் ஓர் இனம் இருக்கிறது. அழிரப்பர் ஆசாமி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் நடக்கும் ஜெயகிருஷ்ணன் சாரின் ஓவிய வகுப்புக்கு வாருங்கள்.

சார் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “ரெண்டு புள்ளி வைங்க. காத்துல ரெண்டு தடவை கையை ஓட்டிப் பாருங்க. பெறவு ஒரே இழுப்பு. மணிக்கட்டு ஆடக் கூடாது, தோளு அசையணும். கோணினா கோணட்டும். அழிக்காம பக்கத்துல இன்னொண்ணு போடுங்க.”

நம் ஆசாமி என்ன செய்வார்? பென்சிலைச் சீவி, தாளைச் சாய்த்து, அரிசி நீளத்துக்கு ஒரு கீறல் கீறி, எட்ட நின்று பார்த்து, அதன் வாலில் இன்னொரு கீறலை ஒட்டி, அது எறும்பு ஊர்வது போல வளைந்து போக, அழித்து, ஊதி, உள்ளங்கையால் துடைத்து, துடைத்ததில் கறுப்பு அப்பிக்கொள்ள, அந்தக் கறுப்பை அழித்து நிமிர்வதற்குள் வைத்த இரண்டு புள்ளிகளும் காணாமல் போயிருக்கும். கோடு? அது மட்டும் வராது. கேட்டால், “பேப்பர் சரியில்ல சார்” என்பார்.

இந்த இனத்தின் தலைவன் மாரிசெல்வம். கடலை மிட்டாய்ப் பட்டறையில் வேலை. அரசு ஓவியத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன். இந்த முறை தேறினால் கழுகுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் வேறு ஆள்.

தேர்வுக்கு முந்தின வாரம் சாரும், அதே வகுப்பில் படிக்கும் நானும் மிட்டாய் வாங்கப் பட்டறைக்குப் போனோம். சூடான வெல்லப்பாகும் கடலையும் பலகையில் பரப்பிக் கிடக்க, மாரிசெல்வம் கத்தியை வைத்துச் சர்ர்ரென்று இழுக்கிறான். அளவுகோல் இல்லை. அத்தனையும் நேர்க்கோடு! சார் வாயைப் பிளந்துவிட்டார்.

“ஏலே மாரி, கோணிச்சுன்னா என்ன செய்வ?”

“கோண நேரமேது சார்? ஆறிட்டா கத்தி எறங்காது, நொறுங்கிரும்லா.”

“அப்போ பேப்பரும் சூடா இருக்குன்னு நெனச்சுக்கோல!”

தேர்வன்று வாசலிலேயே அவன் அழிரப்பரைச் சார் பிடுங்கிக்கொண்டார். உள்ளே ஒரு குடம் வரையச் சொன்னார்கள். நானும் தேர்வு எழுதப் போயிருந்தேன், அடுத்த பெஞ்சு. மாரிசெல்வம் காற்றில் இரண்டு தடவை கையை ஓட்டினான். இழுத்தான். இருபதே நிமிடத்தில் இரு பக்கமும் ஒத்த குடம், தெளிந்த கோட்டில். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. அதுதான் வினை. அவன் தலை இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது.

“அண்ணாச்சி, அழிரப்பர் இருக்கா? கழுத்துக்கிட்ட சின்னதா ஒரு டச்சப்பு.”

கொடுத்த பாவி நான்தான். கழுத்தைத் திருத்தினால் தோள் இறங்கியது, தோளைத் திருத்தினால் வயிறு புடைத்தது, வயிற்றைத் திருத்தினான், திருத்தினான், மணி அடித்தபோது குடத்தின் வயிற்றில் நிஜமாகவே ஒரு ஓட்டை. தாள் கிழிந்துவிட்டது.

தேறவில்லை. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு மனசே ஆறவில்லை.

முடிவு வந்த அன்று சாயங்காலம் சார் தன் போனைக் காட்டினார். மாரிசெல்வம் ‘டைப்பிங்’ என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது. கால் மணி நேரம் கழித்து வந்து விழுந்த செய்தி: “சார்”. அவ்வளவுதான்.

“சொல்லு மாரி, அடுத்த தடவை பாத்துக்கிடலாம்” என்று சார் எழுதி, அதை அழித்து, வேறு மாதிரி எழுதி, அதையும் அழித்துக்கொண்டிருந்தார்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் யாரிடமோ கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பை எழுதி, அழித்து, இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறீர்களே, அவர் எத்தனை நாளாகப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ!