கிட்டங்கிச் சுவரும் ரசமட்டம் அண்ணாச்சியும்

சங்கரன்கோவிலில் ஒரு பொருள் கோணாமல் நிற்கிறதென்றால், அதில் ரசமட்டம் அண்ணாச்சியின் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆள் கொத்தனார். மட்டம் பார்க்கிற, நடுவில் நீர்க்குமிழி ஓடுகிற அந்தக் கட்டையை இடுப்பில் செருகாமல் அவர் தெருவில் இறங்கியதே இல்லை. அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் மேஜைமேல் ரசமட்டத்தை வைப்பார். "ஏலே, சாம்பார் அந்தப் பக்கமால்லா ஓடும், காலுக்கு ஒரு அட்டை வை" என்பார். சாம்பார் வாளிக்காரன் தலையிலடித்துக்கொண்டு நிற்பான். கரிவலம்வந்தநல்லூரில் பெண் பார்க்கப் போனபோது, "பொண்ணு சரிதான், வாசல் நிலைதான் சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவர் இவர். மறுநாள் கரணையோடு போய் நிலையைச் சரிசெய்து கொடுத்தார். பெண்ணையும் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் கோமதி வேலைக்கு வைத்தாள். பள்ளிக்கூடத்தில் என்னிடம் டிராயிங் படித்தவள். இப்போது பெரிய ஓவியர். தாத்தா பஞ்சு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கியை, இந்தக் காலத்து ஓவியங்களுக்கான மியூசியமாக மாற்றப்போகிறேன் என்று சென்னை வீட்டை விற்றுவிட்டு வந்து நின்றாள். மேற்பார்வைக்கு நான்.

"வாத்தியாரே, மியூசியம்னா செத்துப்போன ராசா வாளுல்லா இருக்கும்? உசுரோட இருக்கவன் வரைஞ்சதுக்கு எதுக்குவே மியூசியம்?" என்று ரசமட்டம் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

வில்லங்கம் வடக்குச் சுவரில் இருந்தது. நூறு வயதைத் தாண்டிய சுவர், நாலு விரற்கடை வெளியே சாய்ந்திருந்தது. கூரை உத்தரம் அத்தனையும் அதன்மேல்தான். அது போனால் கிட்டங்கியே போச்சு, கோமதியும் போச்சு. "இவர மட்டும் வைக்காத, சாஞ்சதக் கண்டா இடிக்காம விடமாட்டாரு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே!

பங்குனியில் ஒருநாள், அனுமதி கொடுக்க வேண்டிய இன்ஜினியர் வந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். "இடிச்சிருங்க" என்றார். கோமதி முகத்தில் ரத்தமே இல்லை. இன்ஜினியர் ரசமட்டத்தைப் பார்த்து, "நீங்க என்ன சொல்லுதீய?" என்று கேட்டார். ஒழிந்தோம் என்று நினைத்தேன்.

"சாஞ்சிருக்கு சார். ஆனா இப்ப சாயல" என்றார் ரசமட்டம். "பின்னால வாங்க, காட்டுதேன்."

பின்புறம் விரிசலின் குறுக்கே ஏழு கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிவைத்திருந்தார். "சுவரு ஒரு நூல் அசைஞ்சாலும் சில்லு ஒடைஞ்சிரும். ஐப்பசி மழைக்கு முந்தி ஒட்டுனது. தெனம் பாக்கேன், ஒண்ணுல கூட கீறல் கெடையாது."

அட பாவி மனுஷா! தினமும் காலையில் அவர் சுவருக்குப் பின்னால் போவது வேறு காரியத்துக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்.

இன்ஜினியர் ஏழு சில்லையும் குனிந்து குனிந்து பார்த்தார். முட்டுச்சுவர் இரண்டு கட்டிக்கொள்ளுங்கள், இடிக்க வேண்டாம் என்றார். கோமதி சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள்.

"அங்கன போய் அழு தாயி, இங்கன பூச்சு இன்னும் காயல" என்றார் ரசமட்டம்.

திறப்பு விழா வந்தது. அந்த வடக்குச் சுவரின் உட்புறத்தில் கோமதி தன்னுடைய ஒன்பது படங்களை மாட்டியிருந்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாய்ந்திருக்கும். காலையில் வந்து பார்த்தால் ஒன்பதும் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி நேராக நிற்கின்றன. கீழே ஏணியோடு ரசமட்டம்.

"அண்ணாச்சி! வேணும்னே சரிச்சுல்லா மாட்டிருந்தேன்!"

"வேணும்னேயா? பாக்கவன், கொத்தன் தண்ணி போட்டுட்டு ஆணி அடிச்சிருக்கான்னுல்லா சொல்லுவான்!"

இடி விழப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். கோமதி அவரையே பார்த்தாள். பிறகு ஏணியில் ஏறி எட்டுப் படங்களைத் திரும்பச் சாய்த்தாள். ஒன்பதாவதைத் தொடாமல் இறங்கிவிட்டாள்.

சென்னையிலிருந்து வந்த விமர்சகர் ஒருவர் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "இது மட்டும் ஏன் நேரா இருக்கு?" என்று கேட்டார்.

"அது எங்க அண்ணாச்சி மாட்டுனது சார்" என்றாள் கோமதி.

ரசமட்டம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். என் கண் கலங்கியிருந்ததில் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.