அத்தியின் கட்சியும் வௌவாலின் கட்சியும்

அன்பிலும் அறிவிலும் அப்படியே என்னை உரித்து வைத்திருக்கும் அக்கா மகனுக்கு, பட்டறை மாமன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மாவும் நானும் டயர் பட்டறையும் சுகம். அங்கே நீயும் மனைவியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டியது.

அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்து உன்னிடம் அனுப்பச் சொல்லியிருந்தாய். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டாலும், பேச்சில் என்னை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஜாக்கியில் தூக்கிய லாரியை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் அக்கா எதிரே உட்கார்ந்தேன். அங்கே அத்திமரம், அதில் தலைகீழாகப் பத்தாயிரம் வௌவால், குறைத்துத்தான் சொல்கிறேன், ஒவ்வொன்றும் விரித்த குடை அகலம். அதைக் காட்டியே ஆரம்பித்தேன். “அக்கா, மரமா நிக்காதே, வௌவாலா இரு. பழம் இருக்கிற பக்கம் போகணும்”னு. விடுவாளா? “போடா, தலைகீழாத் தொங்குறதுக்கு உலகமே தலைகீழாத்தான் தெரியும். மரம்தான்டா நிமிர்ந்து நிக்குது”ன்னா. “இந்த மரமே ஏதோ ஒரு வௌவால் போட்ட விதைதானே?”ன்னேன். “போட்டது போட்டாச்சு. இப்ப வேரைச் சுருட்டிப் பெட்டியில வைக்க முடியுமா?”ன்னா. ஹாரன் அடித்து அலுத்த லாரி டிரைவரும் வந்து உட்கார்ந்து கேட்டார். கடைசி அம்பை விட்டேன்: “குட்டியை நெஞ்சுல ஒட்ட வச்சுக்கிட்டே பறந்தது வௌவால். வளர்ந்த குட்டி கூப்பிட்டா போகாம இருக்குமா?” டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் அசையவில்லை. “அத்தி வெளியே பூக்காதுடா, பூவெல்லாம் உள்ளேதான். சாயங்காலம் ஆனா இதெல்லாம் பறந்துடும். அப்புறம் இந்த மரத்துக்கு யாரு இருக்கா?”ன்னு விம்மினா. என் தோள் துண்டைக் கொடுத்தேன். ஆகவே மாப்பிள்ளை, அவள் வரமாட்டாள். இனி வற்புறுத்தாதே.

குடும்பத்தோடு நூறாண்டு வாழவும், என் பேச்சுத் திறமையில் கால்வாசியாவது உனக்கு வாய்க்கவும் ஆசீர்வதிக்கும்,
பட்டறை மாமன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா வாங்கிப் படித்தாள். சிரித்தாள். பாதிக்கு மேல் சிரிக்கவில்லை. வௌவால் முப்பது இருக்கும். நான் பேசியதாக எழுதியதெல்லாம் அவள் பேசியது, அவள் பேசியதாக எழுதியதெல்லாம் நான் பேசியது. துண்டு இல்லை, அவள் முந்தானை. பெட்டி வியாழக்கிழமையே கட்டி வாசலில் இருக்கிறது. டிக்கெட் எடுத்துவிடு. ஜன்னல் ஓரமாகப் பார்த்து எடு, அவளுக்கு அதுதான் பிடிக்கும்.