ஃபில்டர் எந்தப் பக்கம்?

ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஆறு மணிக்கு மருந்து பாட்டிலைக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி உறிஞ்சி, மனைவியின் கன்னத்துக்குள் மெல்ல இறக்கினான். நோட்டில் எழுதினான்: வலி இரண்டு. தூக்கம் சுமார். குழப்பம் இல்லை.

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் கொடுத்த நோட்டு அது. "இனிமே குணப்படுத்த ஒண்ணும் இல்ல சார். கடைசி வரைக்கும் வலி இல்லாம வச்சுக்கத்தான் நாங்க வர்றோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவன் பாலங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியர். கட்டம் போட்ட நோட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஏங்க, உப்பு எங்க இருக்கு?" என்றாள் கட்டிலிலிருந்து.

டப்பாவைக் கொண்டுவந்து காட்டினான்.

"இது சர்க்கரை."

இருபது நிமிடம் தேடி உப்பைக் கொண்டுவந்தான்.

"சரி, இருந்த இடத்துலயே வச்சிடுங்க."

நோட்டில் திருத்தினான்: குழப்பம் ஒன்று. பக்கத்தில் அவள் கேட்டதையும் குறித்தான்: உப்பு.

அப்புறம் ஊசி நூல் கேட்டாள். மெயின் சுவிட்ச் எங்கே என்றாள். நடந்து நடந்து அலுத்துப்போய், சமையலறை டப்பாக்கள் இருபத்து மூன்றையும் கட்டிலைச் சுற்றி அடுக்கினான்.

"என்ன இன்ஜினியரே, கடை போட்டுட்டீங்களா? எல்லாத்தையும் எடுத்த இடத்துல வைங்க."

எது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு நினைவில்லை. குழப்பம் ஏழு.

மருந்துதான் காரணம் என்று முடிவுக்கு வந்தான். கடைசி வரை அவள் அவனை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. யாரையும் கேட்கவில்லை. மதிய மருந்தைப் பாதியாகக் குறைத்தான்.

மூன்று மணிக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடித்த பல்லோடு கேட்டாள்: "வாஷிங் மிஷின் ஃபில்டர் எங்க இருக்கு?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"கழட்டிட்டு வாங்க."

வலது பக்கம் ஏதோ ஒரு குழாய் தென்பட்டது. அதைத் திருகினான். தண்ணீர் பீறிட்டு, கூடத்தைத் தாண்டி வாசல் வரை போனது. நர்ஸுக்குப் போன் செய்தான்.

நர்ஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"புத்தி பிசகுது சிஸ்டர். அதான் மருந்தை நானே குறைச்சிட்டேன்."

அவர் நேரே கட்டிலுக்குப் போனார். மருந்தைக் கொடுத்துவிட்டு, அவள் முகம் தளரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கூடத்துக்கு வந்தார்.

"வலியக் குடுத்துப் புத்திய வாங்க முடியாது சார். சந்தேகம் வந்தா முதல்ல போன் பண்ணுங்க. நீங்களா குறைக்காதீங்க. நோட்டு எங்க?"

நின்றபடியே படித்தார். "உப்பு. ஊசி நூல். மெயின் சுவிட்ச். ஃபில்டர்." மூடினார்.

"இதுல ஒண்ணாவது அவங்களுக்குத் தேவையா சார்?"

மாப்பை எடுத்துவந்து தரையைத் துடைத்தான். மாப் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் கேட்டிருந்தாள்.

அதன்பின் குழப்பம் என்ற கட்டத்தில் அவன் எதுவும் எழுதவில்லை. அவள் கேட்டாள், அவன் ஒப்பித்தான்.

"மெயின் சுவிட்ச்?"

"கதவுக்குப் பின்னால."

"ஊசி நூல்?"

"பிஸ்கட் டப்பால."

"அப்போ பிஸ்கட்?"

விழித்தான். அவள் சிரித்தாள். சிரிக்க வலித்தது, ஆனாலும் சிரித்தாள்.

நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் வீடு நிறைய ஆட்கள். மாமியார் அவனைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார்.

"கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா மாப்பிள்ளை?"

"உங்களைத்தான் கேட்டா அத்தை."

அது பொய். அன்று காலை ஆறு மணி மருந்தை வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே, ஃபில்டர் எங்கே என்று கேட்டாள். "கீழ, வலது பக்கம்" என்றான் அவன்.

"இடது பக்கம் இன்ஜினியரே. போய்ப் பாத்துட்டு வாங்க."