நான் திருடிய சாட்சி

ஒரு பெண்ணின் சாட்சியை நான் திருடியிருக்கிறேன். (கோர்ட் சாட்சியல்ல. ஆலயத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் என் வாழ்வில் இன்னது செய்தார் என்று சொல்வார்களே, அந்தச் சாட்சி.) பசிக்குத் திருடியிருந்தால் ஒரு நியாயமாவது இருக்கும். நான் திருடியது கைதட்டலுக்காக. அதுவும் எங்கள் சபையில் கைதட்டும் வழக்கமே கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழிந்திருந்தன. வேலம்பாளையத்தில் குழந்தை உடுப்புகள் தைக்கும் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதித் தாள்கள் எழுதிக்கொண்டிருந்தேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஐம்பத்தாறு வயது வரை ஆண்டவரைப் புத்தகங்களிலும் ஆர்கன் இசையிலும் தேடியவனுக்கு, அவர் கம்பெனிக்குள்ளும் வந்து போவார் என்று தோன்றியதே இல்லை. அங்கே பஞ்சுத் தூசிதான் உண்டு. பிற்பகலில் மேற்கு ஜன்னல் வழியே வெயில் சாயும்போது அந்தத் தூசி எழும்பி, கீழே விழ மனமில்லாமல் மிதக்கும். மிஷின் சத்தம் ஒரே சீராகி, கடைசியில் காதுக்கு மௌனம் போலவே ஆகிவிடும். அந்நேரத்தில் யார் நடந்து வந்தாலும் கனவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

அப்படித்தான் ஒரு நாள் ஞானப்பூ என் மேசைக்கு வந்தாள். பிசிறு வெட்டும் மேசையில் அவளுக்கு வேலை. தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். எங்கள் சபைதான், எங்கள் ஊர்ப்பக்கமும்தான்.

"அண்ணாச்சி, பெண்கள் ஞாயிறுக்கு என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்காவ. பத்து வருசமா இந்தச் சபையில இருக்கேன், இப்பத்தான் கூப்புட்டிருக்காவ. நான் படிச்சது அஞ்சாப்பு. நான் சொல்லுதேன், நீங்க நல்ல தமிழ்ல எழுதித் தாங்க."

"சொல்லும்மா" என்று பெரிய மனது பண்ணிப் பேனாவைத் திறந்தேன்.

"இந்த உடுப்புல பாதமும் சேத்துத் தச்சிருக்குல்லா? உள்ள ஒரு நூலு கெடந்தா பிள்ளை விரல்ல சுத்திக்கிடும், விரலு நீலமாப் போயிரும். அதுக்கு அழத்தான் தெரியும், சொல்லவா தெரியும்? அதனால ஒவ்வொரு பாதத்துக்குள்ளயும் ரெண்டு விரலை விட்டுத் தடவிப் பாப்பேன். எந்த நாட்டுப் பிள்ளையோ, அது காலு என் கையில இருக்க மாதிரி இருக்கும். 'ஆண்டவரே, இது நல்லா நடக்கட்டும்'னு சொல்லுவேன். அப்ப எம்விரலுக்குப் பக்கத்துல இன்னொரு விரலும் சேந்து தடவுத மாதிரி இருக்கும் அண்ணாச்சி. அவ்வளவுதான். இது சாட்சி ஆவுமா?"

"ஆகும்" என்றேன். தாளைச் செம்மைப்படுத்தித் தருவதாகச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பெண்களே ஆராதனை நடத்தும் அந்தப் பெண்கள் ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு, பேச வரவேண்டியவர் வரவில்லை. போதகர் என் காதில் குனிந்து, "சார், பத்து நிமிஷம். அன்றாட வாழ்வில் ஆண்டவர்னு தலைப்பு. உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார். மேடை ஏறினேன். படித்த எம்.ஏ. படியிலேயே நின்றுவிட்டது. சட்டைப்பை மட்டும் சரசரத்தது.

'எங்கள் கம்பெனியில் ஒரு சகோதரி' என்று ஆரம்பித்திருக்கலாம். "நான்" என்று ஆரம்பித்தேன்.

நான் பிசிறு வெட்டினேன். நான் இரண்டு விரலை விட்டேன். என் விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் வந்தது. (அந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேறு செய்தது. ஒத்திகை இல்லாமலே வந்தது, அதுதான் ஆச்சரியம்.) சபையே மூக்கைச் சிந்தியது. பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் ஞானப்பூ தன் இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் அதோடு முடியவில்லை. உருகிப்போன போதகர், செவ்வாய்க்கிழமை நான்கு பெண்களோடு கம்பெனிக்கே வந்துவிட்டார். "அந்த ஜெப மேசையைப் பார்க்கணும் சார். ரெண்டு துணி வெட்டிக் காட்டுங்க."

வாழ்நாளில் அந்தக் கத்தரியைத் தொட்டதில்லை. உட்கார்ந்தேன். பக்தியோடு ஒரு பாதத்தைத் திருப்பி நறுக்கினேன். நூலோடு துணியும் வந்தது. அடுத்ததிலும் வந்தது. எல்லாரும் கண்மூடி ஜெபிக்க ஆரம்பித்ததால் நிறுத்தவும் வழியில்லை. அவர்கள் 'ஆமென்' சொல்வதற்குள் ஏழு உடுப்புகளில் ஓட்டை போட்டிருந்தேன்.

பின்னால் செக்கிங் மாஸ்டர் பழனிசாமியின் குரல் பணிவாக வந்தது. "ஏனுங்க சார், கொழந்தைக்குக் காத்துப் போறதுக்குங்களா?"

அவர்கள் கண்ணைத் திறக்குமுன் ஞானப்பூ நான் ஓட்டை போட்ட ஏழு உடுப்புகளையும் தன் பக்கம் இழுத்து மறைத்து, தான் வெட்டியவற்றை என் முன்னால் தள்ளினாள். போதகர் ஒன்றை எடுத்துத் தடவி, "என்ன சுத்தம்!" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், "நன்றி" என்றேன்.

மாலையில் அவளிடம் போனேன். "உன் சாட்சியை எழுதி..."

"வேண்டாம் சார். அதைத்தான் நீங்க சொல்லியாச்சுல்லா. இனி நான் சொன்னா, சார் சொன்னதைப் பாத்துச் சொல்லுதாள்னு நெனைப்பாவ. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

அண்ணாச்சி என்பது சார் ஆகியிருந்தது. அதை அன்று பேருந்தில் பாதி வழியில்தான் கவனித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை, கழிவில் சேர்ந்துவிட்ட அந்த ஏழு உடுப்புகளையும் பழனிசாமியிடம் கேட்டு வாங்கினேன். மறுநாள் பெண்கள் ஞாயிறில், தனக்குத் தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லி ஞானப்பூ கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இடைவெளியில் நான் எழுந்தேன்.

"போன வாரம் சொன்னது என் சாட்சி இல்லை. ஞானப்பூவுடையது. நான் திருடினேன்."

சபை மலர்ந்தது. "சாரோட தாழ்மையைப் பாருங்க" என்றார் போதகர். "உண்மையாகவே திருடினேன்" என்றேன். "அல்லேலூயா" என்றது முன்வரிசை. குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு மனிதன் இத்தனை பாடுபட வேண்டியதில்லை. கடைசியில் பையைத் திறந்து ஒரு உடுப்பை எடுத்து, பாதத்துக்குள் இரண்டு விரலை விட்டுத் தூக்கிக் காட்டினேன். இரண்டும் ஓட்டை வழியே வெளியே வந்து சபையைப் பார்த்து ஆடின.

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு எல்லாரும். அப்போதுதான் நம்பினார்கள்.

போதகர் ஞானப்பூவை அழைத்தார். வெகுநேரம் கழித்து வந்தாள். மைக்கைப் பிடிக்காமலே பேசினாள்.

"போன ஞாயித்துக்கிழமையிலேருந்து கோவத்துலதான் பிசிறு வெட்டுனேன். ஒரு பிள்ளைக்கும் ஜெபிக்கல. வியாழக்கிழமை மத்தியானம் பாதத்துக்குள்ள விரலை விட்டேன், சார் போட்ட ஓட்டை வழியா வெளிய வந்துட்டு. சிரிப்பு வந்துட்டு. சிரிச்ச பொறவுதான் பக்கத்துல அந்த விரலு திரும்ப வந்துச்சு."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாட்சியை அவளிடமே திருப்பித் தந்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் எழுதுவதற்கு அவள் மறுபடி என்னிடம் வரவில்லை. அண்ணாச்சி என்று கூப்பிடவும் இல்லை. ஓய்வு பெறும்வரை சனிக்கிழமை பிற்பகல்களில் அவள் மேசையில் உட்கார்ந்து வேலை கற்றேன். உடுப்பின் கழுத்து, கை எல்லாம் வெட்டக் கொடுத்தாள். பாதம் மட்டும் தரவில்லை.

பேத்தி பிறந்தபோது அவளிடம் கேட்டேன்: "ஞானப்பூ, பிள்ளைக்கு உடுப்பு மாட்டும்போது அந்த ஜெபத்தை நான் சொல்லிக்கொள்ளட்டுமா?"

யோசித்தாள். "ஜெபந்தான சார், சொல்லுங்க. மைக்குல மட்டும் வேண்டாம்."

அதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. இன்றும் நான் சாப்பாட்டு மேசையில் ஏதாவது உயர்ந்த கருத்தாகப் பேச வாயெடுத்தால், என் மனைவி இரண்டு விரலை ஆட்டிக் காட்டுகிறாள். பேத்தி, காரணம் தெரியாமலே, "மைக்குல மட்டும் வேண்டாம் தாத்தா" என்கிறாள்.