அப்பா படித்த ஆங்கில நாவல்

இனிமேல் சனிக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று அப்பா முடிவெடுத்தார். அதை அம்மாவிடம் சொல்ல அவருக்கு நான்கு நாள் ஆனது. அப்போதும் மிக்ஸி ஓடுகிற நேரம் பார்த்துத்தான் சொன்னார்.

விஷயம் இதுதான். அம்மா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தெருமுனை நூலகத்தில் பத்து சனிக்கிழமைக்கு ஒரு வகுப்பு எடுக்கப் போகிறாள். பழைய ஆங்கில நாவல்களில் காதல், கல்யாணம், பெண்களின் நிலை. அப்பாவுக்கு நாவல்மேல் விரோதம் எதுவும் இல்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம்தான் எங்கள் வீட்டில் ஒரு வாரத் துணியை மடிக்கும் நேரம். அம்மா மடிப்பாள். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்ப்பார். அம்மா போய்விட்டால் பாவம், அவர் யாரை மேற்பார்வை பார்ப்பார்?

"என்னங்க சொன்னீங்க?" அம்மா மிக்ஸியை நிறுத்தினாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பேச்சும் லிஃப்ட்டில் ஏறித்தான் வரும். "ஒரு லிஃப்ட்டுக்கு ஒரு மோட்டார்தான். ரெண்டு மோட்டார் ரெண்டு பக்கம் இழுத்தா குடும்பம் நடுமாடியில நிக்கும்."

"மறுபக்கம் எடைக்கு எடை தொங்குற கவுன்டர் வெயிட் இல்லாம உங்க மோட்டார் எத்தனை மாடி தூக்கும்?"

அப்பாவுக்குப் பதில் தெரியும். அதனால்தான் பேச்சை மாற்றினார்.

"லிஃப்ட்டை விடு. நீ படிக்கிற நாவல்லயே பொண்டாட்டி புருஷன் பேச்சைக் கேட்டுத்தானே நடக்கிறா?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"அப்போ வகுப்புக்கு வந்து அத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க. தைரியம் இருந்தா."

கடைசி இரண்டு வார்த்தையை அம்மா போகிற போக்கில்தான் போட்டாள். அப்பா இரண்டு நாள் அதிலேயே தொங்கினார்.

மூன்றாம் நாள் அம்மா நூலகத்துக்குப் போன் பேசியதை ஒட்டுக்கேட்டு, அப்படியே அம்மா குரலில் அப்பாவிடம் ஒப்பித்தேன்: "ஆள் சேரலைன்னா வகுப்பு ரத்தா? ஐயோ! இதுக்காக ஒரு வருஷமா நோட்ஸ் எடுத்திருக்கேனே!"

அப்பா முகத்தில் எல்லா மாடி விளக்கும் ஒன்றாக எரிந்தது. "ஆள் குறையுதா? இருக்கிற நாலு பேரையும் முதல் நாளே பேசிக் கலைச்சுட்டா முடிஞ்சுது ஜோலி. கண்ணு, எனக்கு ஒரு நாவல் படிச்சுச் சொல்லேன்."

சாப்பாட்டு மேஜையிலேயே ஒன்று கிடந்தது. அம்மா மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அம்மா எதையும் மறப்பவள் இல்லை என்பது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

தமிழில் சொல்லிக்கொண்டே, ஆளுக்கொரு குரலில் நடித்தும் காட்டினேன். கதை எழுதும் நாயகிக்கு ஜலதோஷம் பிடித்த மூக்குக் குரல். மாளிகைக்கார நாயகனுக்குக் காலி டிரம்முக்குள் தலையை விட்டுப் பேசும் குரல். அவன் காதலைச் சொன்னதும் அவள் மயங்கி விழுந்தாள்.

"விழறதுக்கு முன்னாடி சோபா இருக்கான்னு பார்த்தாளா?" என்றார் அப்பா.

"பார்த்தாப்பா."

"கெட்டிக்காரி. மேல படி."

கடைசிப் பக்கத்தில் கல்யாண மணி அடித்தது. மாளிகைக்காரன், "இனி பேனாவைக் கீழே வை" என்றான். அவள் வைத்தாள். அவ்வளவுதான்.

"அடி சக்கை!" அப்பா துள்ளி எழுந்தார். "பேனாவையே கீழ வெச்சுட்டா பார்!"

அட்டை ஓரத்தில் பொடி எழுத்தில் 'முதல் பாகம்' என்று இருந்தது. பார்த்தேன். சொல்லவில்லை. நல்ல சிரிப்பை அவசரப்பட்டுப் பறிக்கக் கூடாது.

சனிக்கிழமை. நூலக மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு தையல்காரம்மா, ஒரு நர்ஸ், ஒரு ஸ்கூல் பஸ் டிரைவரக்கா, இன்னும் சிலர். வாசலில் நூலகரம்மா ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார்.

"உறுப்பினர் மட்டும்தான் உள்ள பேசலாம் சார். கையெழுத்துப் போடுங்க."

ஓடுகிற லிஃப்ட்டுக்கு உத்தரவாதம் கொடுப்பதுபோல் அப்பா நீட்டிப் போட்டார். வேடிக்கை பார்க்காமல் விடுவேனா? நானும் போட்டேன்.

அப்பா பிரமாதமாகப் பேசினார். காதல், மயக்கம், சோபா, மணி எல்லாம் வந்தது. "ஆகவே தாய்மார்களே! அவளே பேனாவைக் கீழ வெச்சுட்டா. நீங்களும் நோட்டை மூடிட்டு வீட்டுக்குப் போங்க."

கைதட்டலுக்கு நின்றார். அம்மாதான் தட்டினாள். தட்டிவிட்டுப் பையிலிருந்து இரண்டு தடிப் புத்தகங்களை எடுத்தாள்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க. இது ரெண்டாம் பாகம். இது மூணாம் பாகம். அந்தக் காலத்துல ஒரே நாவலை இப்படி மூணா பிரிச்சுத்தான் போடுவாங்க."

"கல்யாணம்தான் ஆயிடுச்சே! அப்புறம் என்ன கதை?"

நர்ஸக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு ஆடினார். "சார், அப்புறம்தானே கதையே!"

"இந்தப் பத்து வாரமும் அதைத்தான் பேசப் போறோம்" என்று அம்மா இரண்டாம் பாகத்தைத் திறந்தாள். "கல்யாணத்துக்கு மறுநாள் காலையில அவ பெட்டி கட்டறா. முதல்ல உள்ள வைக்கிறது பேனா."

"எங்க போறா?"

"அடுத்த சனிக்கிழமை."

"திரும்பி வர்றாளா?"

"அது மூணாம் பாகம்."

அப்பா குரல் தரைத்தளத்துக்கு இறங்கியது. "அந்த ஆள் என்ன பண்றான்?"

"சட்டை எங்க இருக்குன்னு தெரியாம அலமாரி முன்னாடி நிக்கிறான்."

அப்பா மெதுவாக முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, படி. அவன் நிலைமை என்ன ஆகுதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிறேன்."

நூலகரம்மா ரிஜிஸ்டரோடு உள்ளே வந்தார். "டீச்சர், இனி ரத்துங்கிற பேச்சே இல்லை. பதினஞ்சு பேர் வேணும்னாங்க. பதிமூணுலயே நின்னுடுச்சேன்னு தவிச்சோமே! சார் பதினாலு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பால் மாதிரி சிரித்தாள். "நல்ல நேரத்துல வந்தீங்க."

அப்பாவின் அந்த முகத்தைத் திங்கட்கிழமை என் வகுப்பில் எல்லாருக்கும் நடித்துக் காட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே, பூனைபோல் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"பதினஞ்சு," என்று அம்மா திரும்பாமலே கூப்பிட்டாள், "கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு."