சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்

சுவரைத் தட்டிப் பார்க்கிற இனம் ஒன்று நம்மிடையே உண்டு. நீங்களும் நானும் புது வீட்டுக்குப் போனால் ஸலாம் சொல்லிக் கதிரையில் உட்காருவோம். இவரோ ஸலாத்தைச் சொல்லியபடியே நேரே சுவரிடம் போய், நடுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, 'ம்' என்பார். அந்த 'ம்' காதில் விழுந்த வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இவர் மேசன் வேலை தெரிந்தவரா? எங்கே! உப்பு வியாபாரி.

தில்லையடியில் றுமானா கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கும் ஒருவர் வந்தார். ஜப்பார் ஹாஜியார் என்று பெயர். றுமானா தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வாப்பாவின் தோளில் அகதியாக வந்து, தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள் வளர்ந்து, கிடுகு மறைப்புக்குள்ளேயே மகள் மர்ஷூதாவைப் பெற்று, புருஷனையும் மௌத்துக்குப் பறிகொடுத்தவள். மகளாவது கல்வீட்டில் வாழட்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. நிகாஹ்வுக்குப் பத்து நாள் இருந்தது. வீடு முடியாமல் தேதி இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

ஹாஜியார் அத்திவாரத்துக்கு மேலே தார் பூசியதா என்று குனிந்து பார்த்தார், மணல் கடல் மணலோ என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், ஜன்னலுக்கு மேலே கொங்கிறீட் போட்டதா என்று அண்ணாந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்து தொலைத்தது. குறை கிடைக்காமல் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? தட்டினார்.

"உள்ளுக்குப் பொந்து மாதிரிக் கேக்குது புள்ள. எங்கட வாப்பா கட்டின சுவர் இப்பிடிக் கேக்காது. இதுக்குள்ள மகளப் படுக்க வைக்கிறது உங்கட இஷ்டம்."

அவருடைய வாப்பா கட்டியது இரண்டடி அகலத்தில் சுண்ணாம்புக் கல் சுவர். றுமானா கட்டியது சீமெந்துப் புளொக் கல். அதை நடுவில் துளை விட்டுத்தான் அச்சில் வார்க்கிறார்கள். இதைச் சொல்லக்கூடிய மேசன் மிஹ்லார் பாஸ் அன்று சிலாபம் போயிருந்தான். றுமானாவுக்கோ நல்ல சுவர் எப்படிக் கேட்கும் என்றே தெரியாது. கிடுகைத் தட்டினால் என்ன கேட்கும்? பயந்துபோய் ஆள் பிடித்து, மகளின் அறைச் சுவரை இடித்துவிட்டாள்.

மறுநாள் மிஹ்லார் வந்து உடையாத கல் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "ராத்தா, இந்தக் கல்லே ஓட்டையோடதான் வாறது. தட்டினா அப்பிடித்தான் கேக்கும்."

அவள் அந்தத் துளைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். நிகாஹ் தள்ளிப் போனது. பெருநாளுக்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார், பழைய சிரிப்பு இல்லாமல்.

ஹாஜியார் தலைமறைவாகிவிட்டாரா? நல்ல கதை! மறுவாரமே வந்து, இடிந்த சுவரைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டு, யாரோ அரைகுறை ஆளுடைய பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரைத் திட்டுகிறீர்களா? தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: 'நானாக இருந்தால் செங்கல்தான் வைக்கச் சொல்லியிருப்பேன்' என்று வாசிக்கும்போது ஒரு தரமாவது நினைத்தீர்களா, இல்லையா? நினைத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். றுமானா மறுபடியும் கல் அடுக்கத் தொடங்கியிருக்கிறாள். தில்லையடிப் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், பிளேன்டீ குடித்துவிட்டுப் போகலாம். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் முடியும்வரை அவள் வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள்.